இருபதாம் தேதிக்குப் பிறகு

எங்கள் வீட்டில் காசு தீர்வது இருபதாம் தேதி. அப்பாவுக்குச் சம்பளம் மாதக் கடைசியில். நடுவில் கிடந்த அந்தப் பத்து நாளை எப்படித் தள்ளுவது என்பதுதான் 1960களில் சிங்கப்பூரின் கெர்பாவ் ரோட்டுக் கடைவீடுகளின் மாடியில் குடியிருந்த எங்களைப் போன்ற குடும்பங்களின் பெருங்கணக்கு. பிற்பாடு நான் கணக்கெழுதும் வேலைக்கே போனேன். ஓய்வு பெறும்வரை பெரிய பெரிய பேரேடுகளைப் பார்த்திருக்கிறேன். அம்மா நடத்திய அந்தப் பத்து நாள் கணக்கைவிடக் கடினமான ஒன்றைப் பார்த்ததாக நினைவில்லை.

சிக்கனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எண்ணெயை அளந்து ஊற்றுவதையும் விளக்கை அணைப்பதையும் சொல்வார்கள். அதையெல்லாம் செய்தோம். தேக்கா மார்க்கெட்டில் கடையெடுக்கும் நேரம் பார்த்துப் போய், வாடத் தொடங்கிய கீரையையும் கூறு போட்ட சாளை மீனையும் வாங்கி வந்தோம். ஆனால் ஆறு பேர் சாப்பிடுகிற வீட்டில் ஏற்கெனவே ஒட்ட அறுத்துவிட்ட செலவை இன்னும் எவ்வளவு அறுப்பது? அதற்கு மேல் அரிசியைக் குறைத்தால் யாரோ ஒருவருக்கு அரை வயிறு, பெரும்பாலும் அம்மாவுக்கு. எங்களுக்கு வேண்டியிருந்தது நாள். பத்து நாள் தவணை. அந்தத் தவணையை யார் கொடுத்தார்கள், அதற்கு என்ன விலை வாங்கினார்கள் என்று தேடிப் போனால் சிராங்கூன் சாலைத் தமிழர்களின் வரலாற்றில் பாதி கைக்கு வந்துவிடும் என்பது என் எண்ணம்.

முதலில் தவணை கொடுத்தவர் மளிகைக் கடைக்காரர். அவரிடம் ஒன்றும் எங்கள் வீட்டில் ஒன்றுமாக இரண்டு 555 புத்தகங்கள் இருந்தன. அந்தக் காலத்துச் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். சட்டைப் பையில் அடங்குகிற சின்ன நோட்டு, அட்டையில் கொட்டை எழுத்தில் 555. சாமான் வாங்கப் போகும் பிள்ளை அதையும் கையில் கொண்டுபோகும். கடைக்காரர் இரண்டிலும் ஒரே வரியை எழுதுவார். அரிசி மூன்று கட்டி, துவரம்பருப்பு அரைக் கட்டி, தேங்காய் எண்ணெய் ஒரு போத்தல், நெத்திலி, மண்ணெண்ணெய். கட்டி என்பது சுமார் 600 கிராம். மெட்ரிக் முறையைக் கொண்டுவரச் சிங்கப்பூர் 1970இல் தனி வாரியமே அமைத்தது. எங்கள் நோட்டில் அதற்குப் பிறகும் வெகுகாலம் கட்டிதான் இருந்தது. சம்பள நாளன்று அப்பா போய்க் கணக்கைத் தீர்த்ததும் கடைக்காரர் குறுக்கே ஒரு கோடு போடுவார். மறுநாள் கோட்டுக்குக் கீழே புது வரி தொடங்கும்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மாதக் கடைசியில் நான் வரி வரியாக வாசித்தால் மனத்துக்குள் கூட்டிக்கொண்டே வந்து, நான் தொகையைச் சொல்லும் முன்பே சொல்லிவிடுவார். ஒரு முறை கடைக்காரரின் கூட்டல் பத்துக் காசு தவறியிருந்தது. "மாமாகிட்ட போய், அம்மா மறுபடி ஒரு தடவை கூட்டிப் பாக்கச் சொன்னாங்கன்னு சொல்லு, தப்புன்னு சொல்லாத" என்று என்னை அனுப்பினார். நாளைக்கும் அவரிடம்தானே அரிசி வாங்க வேண்டும்.

அந்த நோட்டுகளில் இரண்டு மூன்று இன்னும் என்னிடம் உண்டு. எந்த மாதம் வீட்டில் காய்ச்சல் என்று பார்லி அரிசியும் ஜவ்வரிசியும் காட்டிக்கொடுக்கின்றன. விருந்தாளி வந்த வாரத்தில் சர்க்கரை இரட்டிப்பாகிறது. கோட்டுக்கு மேலே கொஞ்சம் பாக்கி நிறுத்தி அடுத்த மாதத்துக்குத் தள்ளிய இடங்களில், பள்ளிக்கூடம் திறக்கும் ஜனவரி தவறாமல் வருகிறது. 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுத் திட்டம் எத்தனையோ முதியவர்களின் குரலைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. அது பெரிய பணி. அந்தக் குரல்களுக்குப் பக்கத்தில் இந்த நோட்டுகளும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வீடு மாறும்போது இவற்றைப் பழைய பேப்பரோடு போடாதீர்கள்.

கடன் கொடுத்த கடையில் விலை கொஞ்சம் கூடத்தான். ரொக்கத்துக்கு விற்கும் கடையில் சில காசு குறைவாகவே கிடைக்கும். ஆனால் இருபதாம் தேதிக்குப் பிறகு ரொக்கக் கடை எங்களுக்குத் திறந்திருந்தும் மூடிய கடைதான். அந்தச் சில காசுதான் பத்து நாளின் விலை. கடைக்காரரும் அதைச் சும்மா கொடுக்கவில்லை, அவரும் மொத்த வியாபாரியிடம் தவணைக்கு எடுத்தவர். அவருக்கும் மேலே போனால் வட்டிக்கடைச் சங்கிலி மார்க்கெட் ஸ்திரீட்டில் போய் முடியும். அங்கே வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியிலேயே சிங்கப்பூருக்கு வந்துவிட்டவர்கள். டேங்க் ரோட்டில் அவர்கள் எழுப்பிய தெண்டாயுதபாணி கோவிலுக்கு ஆண்டு 1859. அவர்களுடைய கிட்டங்கி என்பது நீண்ட கூடம், உள்ளே கடைக்கு ஒரு பெட்டியடி, பாயில் உட்கார்ந்து கணக்கு. வணிகர்களும் கடைக்காரர்களும் நிலம் வாங்குகிறவர்களும் அங்கே கடன் வாங்கினார்கள். எங்களைப் போன்ற கூலிக் குடும்பம் அந்தப் படியை மிதித்ததில்லை. ஆனாலும் அங்கே கொடுத்த நாள், கைக்குக் கை மாறி, அரிசியும் பருப்புமாக எங்கள் மாடிக்கு ஏறி வந்தது. ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் விலை ஏறியது.

நேரடியாக வட்டிக்கு வாங்கியவர்களும் உண்டு, அவர்கள் பாடுதான் திண்டாட்டம். எங்களுக்கு முந்தைய தலைமுறையில் அலுவலக எழுத்தர்கள்கூடச் சம்பளத்தில் பெரும்பகுதியை வட்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு போன காலம் அது. அந்தக் கடன்சுமைதான் கூட்டுறவு இயக்கத்தை இங்கே கொண்டுவந்தது. சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1924இல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு அரசாங்க ஊழியர்கள் தங்களுக்கென ஒரு சிக்கனக் கடன் சங்கம் தொடங்கினார்கள். சிங்கப்பூரின் முதல் கூட்டுறவுச் சங்கம் அதுதான். முறை எளிது. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்க வேண்டும், சேர்ந்த பணத்திலிருந்து உறுப்பினரே குறைந்த வட்டிக்கு எடுத்துக்கொள்ளலாம். சேமிப்பவரும் கடன் வாங்குபவரும் ஒரே ஆள். இந்த ஏற்பாட்டை ஆங்கில ஆட்சி சட்டமாக எழுதும் முன்பே நம் ஊர்ப் பெண்கள் அறிந்திருந்தார்கள். அதுதான் கூட்டு.

ஊரில் சீட்டு என்பதை இங்கே கூட்டு என்போம். எங்கள் மாடியில் கூட்டுப் பிடித்தவர் எதிர் அறையில் இருந்த ஓர் அக்கா. இருபது பேர், தலைக்கு மாதம் பத்து வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 200 வெள்ளி. முதல் மாதத் தொகை கழிவில்லாமல் கூட்டுப் பிடிப்பவருக்கு. யாராவது கட்டாமல் போனால் அவர்தான் கையிலிருந்து போட்டு நிரப்ப வேண்டும், அந்தப் பொறுப்புக்கு ஈடு அது. இரண்டாம் மாதம் முதல் ஏலம். அவசரமாகப் பணம் வேண்டியவர் 30 வெள்ளி தள்ளி எடுக்கிறேன் என்பார். அவருக்கு 170 கிடைக்கும். தள்ளிய 30 வெள்ளி இருபது பேருக்கும் பிரியும், தலைக்கு ஒன்றரை வெள்ளி. ஆகவே அந்த மாதம் எல்லாரும் எட்டரை வெள்ளி கட்டினால் போதும். முன்னால் எடுப்பவருக்கு அது கடன், கடைசியில் எடுப்பவருக்கு அது வட்டியோடு சேமிப்பு. இதில் வங்கியும் இல்லை, முத்திரைத்தாளும் இல்லை.

ஏலம் நடப்பது சம்பளம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பொதுச் சமையலறையில். வீட்டுக்கு வீடு ஒரு துண்டுத்தாளில் தொகையை எழுதி மடித்து மைலோ டின்னில் போடுவார்கள். அம்மா என்னைச் சுவரோரம் இழுத்துக் காதில் தொகையைச் சொல்வார். எழுதி மடித்துக் கொடுக்கிற நான் அதை யாரிடமும் சொல்லக் கூடாது, அப்பாவிடமும்தான். இருபது பேரில் தமிழ்ப் பெண்கள் மட்டுமா இருந்தார்கள்? கீழ்த்தளத்துச் சீன ஆ சோ ஒருவர், மார்க்கெட்டில் பலகாரம் விற்ற மலாய் மக்சிக் ஒருவர். பேச்செல்லாம் சந்தை மலாயில். ஒரு மாதம், துறைமுகத்தில் காலை ஒடித்துக்கொண்ட ஒருவரின் மனைவிக்குப் பணம் வேண்டியிருந்தது. அன்றைக்கு டின்னில் அவருடைய தாளைத் தவிர வேறு தாளே விழவில்லை. யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததாக எனக்குத் தெரியாது. அவர் ஐந்து வெள்ளி மட்டும் தள்ளி எடுத்துப் போனார். கணக்குப்படி பார்த்தால் மற்ற பெண்கள் ஒவ்வொருவரும் அன்று ஒரு வெள்ளிக்குக் கூடுதலாக விட்டுக்கொடுத்தார்கள், அதை யாரும் பேரேட்டில் எழுதவில்லை.

எல்லாக் கூட்டும் இப்படி முடிந்ததில்லை. பக்கத்துத் தெருவில் கூட்டுப் பிடித்த ஒருவர் இரண்டு மாதத் தொகையோடு ஜோகூர் பக்கம் போனவர் திரும்பவேயில்லை. இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். கூட்டில் சேர்க்க ஆளின் முகமும் குடும்பமும் தெரிந்திருக்க வேண்டும். கணவன் குடிக்கிற வீட்டுப் பெண்ணை, ஊரிலிருந்து புதிதாக வந்த குடும்பத்தை, வேலை நிலையில்லாதவரைச் சேர்க்க மாட்டார்கள். யாருக்கு நாள் அதிகம் தேவைப்பட்டதோ அவருக்கே அது கிடைக்காமல் போனது. அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கேட்டுப் பதிந்து வைக்காமல் விட்டோமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

குடி என்றதும் சீர்திருத்தக்காரர்களை நினைக்காமல் இருக்க முடியாது. 1932இல் உருவான தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் கள்ளுக்கடைக்கும் ஆடம்பரத் திருமணத்துக்கும் எதிராக ஓயாமல் பேசின. அந்தப் பேச்சால் மிஞ்சிய காசு பல வீடுகளில் அடுப்பை எரித்தது. மேடையில் ஆண்கள் ஆண்களுக்குச் செலவைக் குறைக்கச் சொன்னார்கள், சமையலறையில் பெண்கள் நாளைச் சம்பாதித்தார்கள். வரலாற்று நூல்களில் முதல் பாதிக்குத்தான் அத்தியாயம் இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் கூட்டு கம்பெனியாக மாறியது. வாசலில் பெயர்ப்பலகை, அச்சிட்ட ரசீது, முகம் தெரியாத ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள். சிங்கப்பூரில் சிட் ஃபண்டுச் சட்டம் 1971இல் வந்தது. அதே ஆண்டு மலேசியா ஒரு படி மேலே போய்க் கூட்டை அடியோடு தடை செய்து சட்டம் போட்டது. 1973இல் இங்கே ஜெமினி சிட் ஃபண்ட் கார்ப்பரேஷன் சரிந்தபோது சாதாரண மக்கள் நிறையப் பேரின் சேமிப்பு போயிற்று, அதை நடத்தியவர் சிறைக்குப் போனார். எங்கள் மாடியிலிருந்து யாரும் அதில் போடவில்லை. "வாசப்படி தெரியாதவன்கிட்ட போய் யாரைக் கேக்குறது?" என்று அம்மா ஏற்கெனவே மறுத்திருந்தார்.

வீட்டுக்குள் தகரப் பெட்டியில் வைத்தாலாவது பத்திரமா? பாட்டிக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1945இல் ஜப்பானியர் சரணடைந்தபின் அவர்கள் அச்சடித்த வாழைமர நோட்டு செல்லாது என்று பிரிட்டிஷார் அறிவித்த அன்று, மூன்றரை ஆண்டுச் சேமிப்பு அடுப்பெரிக்க மட்டுமே உதவியதைப் பார்த்தவர். 1967 ஜூனில் சிங்கப்பூர் தன் சொந்த வெள்ளியை வெளியிட்டது. பழைய மலாயா நோட்டும் கூடவே செல்லும் என்றார்கள். சோம்பலாலும் பழக்கத்தாலும் பலர் பழைய நோட்டைப் பெட்டியிலேயே விட்டுவைத்தார்கள். நவம்பரில் பவுண்டின் மதிப்பைப் பிரிட்டன் குறைத்தது. பவுண்டோடு கட்டப்பட்டிருந்த பழைய நோட்டும் சேர்ந்து இறங்கி, ஒரு வெள்ளி புதுக் காசில் 85 காசாயிற்று. பினாங்கில் இதனால் கலவரமே மூண்டது. லண்டனில் எடுத்த முடிவு கெர்பாவ் ரோட்டில் அரிசிப் பானைக்கு அடியில் இருந்த நோட்டில் பதினைந்து காசை எடுத்துக்கொண்டது. எங்கள் மாடியில் அந்த வாரம் நான் கேட்ட புலம்பல் இன்னும் காதில் இருக்கிறது.

அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1877இலிருந்தே இருக்கிறது. ஆனால் எங்கள் தெருப் பெண்கள் அதற்குள் போனது பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டுதான். 1969இல் பள்ளிகளில் சேமிப்பு இயக்கம் தொடங்கியது. சேமிப்புத் தபால்தலை வாங்கி அட்டையில் ஒட்டி, அட்டை நிறைந்ததும் கொடுத்தால் கணக்கில் ஏறும். என் தம்பியின் அட்டையை நிரப்ப அம்மா காய்கறியில் மிச்சம் பிடித்த காசு போயிற்று. அட்டையைப் போட வங்கிக்குப் போன அன்றே தனக்கும் ஒரு கணக்குப் புத்தகம் திறந்துகொண்டார், கைநாட்டு வைத்து. 1972இல் அந்த வங்கி தனி அமைப்பாகி, 1998இல் டிபிஎஸ் வங்கியோடு சேர்ந்தது. அம்மா கடைசிவரை அதைத் தபாலாபீஸ் என்றே சொன்னார். 1955இல் வந்த மத்திய சேம நிதி இன்னொரு வகைச் சேமிப்பு. கைக்கு வரும் முன்பே பிடித்துவிடுவார்கள். 1968இல் அதை எடுத்து வீடு வாங்கலாம் என்றானபோதுதான் அதற்கு எங்கள் வாழ்க்கையில் பொருள் வந்தது.

தோ பாயோவில் மூன்றறை வீடு கிடைத்துப் போனோம். 1973 ஜூலையில் அங்கே என்டியுசி வெல்கம் முதல் பேரங்காடியைப் பிரதமர் லீ குவான் யூ திறந்து வைத்தார். விலைவாசி எகிறிக்கொண்டிருந்த ஆண்டு. பதுக்கலுக்கும் கொள்ளை லாபத்துக்கும் எதிராகத் தொழிற்சங்கம் கூட்டுறவு முறையில் நடத்திய கடை. பத்தாண்டு கழித்து அது இன்னொரு கூட்டுறவோடு சேர்ந்து ஃபேர்பிரைஸ் ஆனது. அரிசி, சீனி, எண்ணெயெல்லாம் அங்கே மலிவு, சந்தேகமே இல்லை. லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அது செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கல்லாவில் ரொக்கம் வைக்க வேண்டும். முதல் சில ஆண்டுகள் அம்மா மாதத்தின் முதல் பாதியில் வெல்கமிலும், பின்பாதியில் பஸ் ஏறித் தேக்காவில் பழைய கடைக்காரரிடம் புத்தகத்திலும் வாங்கினார். அப்பாவின் சம்பளம் கூடி, நானும் வேலைக்குப் போன பிறகுதான் முழு மாதமும் மலிவு விலைக்கு வாங்க முடிந்தது. மலிவு விலையை அனுபவிக்கக் கொஞ்சம் வசதி வேண்டியிருந்தது என்பதை விலைப்பட்டியல்களை மட்டும் வைத்து எழுதுகிறவர்கள் கவனிப்பதில்லை.

அடகுக்கடையை விட்டுவிட முடியாது. தமிழ் வீட்டில் தங்கம் நகை மட்டும் இல்லை, அவசரத்துக்கு நாள் வாங்கும் முதல். அம்மாவின் இரண்டு வளையல் பள்ளிச் செலவுக்கு உள்ளே போகும், தீபாவளிக்கு வெளியே வரும். இன்றைய சட்டப்படி அடகுக்கடை மாதம் 1.5 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது, மீட்க ஆறு மாதம் உண்டு. உரிமம் பெற்ற வட்டிக்காரருக்கு 2015 அக்டோபரிலிருந்து உச்சவரம்பு மாதம் 4 விழுக்காடு. கையில் வளையல் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் நாளின் விலையில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

இந்தக் கணக்கு முடிந்துபோன காலத்துக் கணக்கில்லை. 2019இல் ஓர் ஆய்வுக் குழு, சாதாரண மக்களையே உட்காரவைத்துப் பேசி, 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதில் தனியாக வாழும் ஒருவருக்கு அடிப்படைத் தேவைக்கு மாதம் 1,379 வெள்ளி வேண்டும் என்று கண்டது. அந்தத் தொகை கைக்கு வராத முதியவர்களைத் தேக்காவில் தினமும் பார்க்கிறேன். 2024 ஜனவரியில் வீட்டுக்கு 500 வெள்ளி சமூக மேம்பாட்டு மன்ற (சிடிசி) பற்றுச்சீட்டு வந்தபோது, அதில் ஒரு பகுதியை மாதக் கடைசிக்கென்று தொடாமல் வைத்திருந்த பாட்டிமார் எனக்குத் தெரியும். அரசாங்கம் விலைவாசிக்காகக் கொடுத்ததை அவர்கள் நாளாக மாற்றிக்கொண்டார்கள்.

என் தங்கை மகள் கைப்பேசியில் செயலி வழியாகச் சாமான் வாங்குகிறாள், மூன்று தவணை, வட்டி இல்லை. தாமதமானால் கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன், தெரியவில்லை. இருவரும் உட்கார்ந்து விதிமுறைகளை முழுக்கப் படித்தோம். ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்னும் இந்தத் துறைக்கு 2022இல்தான் நடத்தை நெறிமுறை வந்தது என்பதையும் சொன்னேன். அவள் வேலை பார்க்கும் துறைக்கும் ஒரு சிக்கனக் கடன் சங்கம் உண்டு, அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. முதல் சங்கம் தொடங்கி 2025இல் நூறாண்டு நிறைந்துவிட்டது. உறுப்பினர் படிவத்தை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவளோடு வேலை செய்யும் பெண்கள் இன்னும் நான்கு பேர் கேட்டார்களாம், அவர்களுக்கும் வாங்க வேண்டும்.